மண்வெட்டியை எடுக்குமுன் நீர்க்கணக்கு

நாம் ஏரியையும் கிணற்றையும் மேட்டு நிலத்தையும் தனித்தனியே பார்த்துப் பழகியவர்கள். ஏரி ஊருக்குப் பொது. கிணறு அவரவர்க்கு உரியது. மேட்டுப் புன்செய்க்கும் பள்ளத்து நன்செய்க்கும் தொடர்பில்லை என்பது பலருடைய எண்ணம். மழைத்துளிக்கு இந்தப் பாகுபாடு தெரியாது. மேட்டில் விழும் துளி மண்ணில் இறங்கினால் கிணற்றைச் சேருகிறது. இறங்காவிடில் ஓடையிற் கலந்து ஏரியை அடைகிறது. ஏரி நிறைந்தால் கலிங்கு வழியே அடுத்த ஊர் ஏரிக்குச் செல்கிறது. இவ்வாறு ஓர் ஓடையிலோ ஏரியிலோ வந்து கூடும்படி மழைநீர் வடிகின்ற நிலப்பரப்பு முழுவதையும் நீர்வடிப்பகுதி என்று கூறுகிறோம். அப்பகுதிக்குள் ஓரிடத்தில் செய்யும் வேலையின் பயனோ பாதிப்போ மற்றோரிடத்தில் தோன்றாமல் இராது.

தமிழ்நாட்டில் ஏறத்தாழ 39,000 ஏரிகளும் கண்மாய்களும் உள்ளன. அவற்றுட் பல, சங்கிலித் தொடராக ஒன்றையடுத்து ஒன்று அமைந்தவை. 1992-ஆம் ஆண்டின் 73-ஆவது அரசியலமைப்புத் திருத்தம் சேர்த்த பதினொன்றாம் அட்டவணையில், சிறுபாசனம், நீர் நிர்வாகம், நீர்வடிப்பகுதி அபிவிருத்தி ஆகியவை பஞ்சாயத்துகளிடம் ஒப்படைக்கத்தக்க பொறுப்புகளாகக் குறிக்கப்பட்டுள்ளன. ஆகவே தடுப்பணை எங்கே கட்டுவது, ஏரியை எவ்வளவு ஆழப்படுத்துவது, சரிவில் வரப்பு அமைப்பதா மரம் நடுவதா என்னும் கேள்விகள் பஞ்சாயத்துக் கூட்டத்திற்கே வந்து சேருகின்றன.

“முதலில் செய்வோம், பிறகு பார்ப்போம்” என்பது இவ்விஷயத்தில் பொருந்தாது. வெட்டிய மண்ணைத் திரும்ப நிரப்புவது எளிதன்று. கட்டிய அணையை இடிக்க ஒருவருக்கும் மனம் வராது. வேலையின் பலனை மண்ணில் சோதிக்குமுன் காகிதத்தில் சோதித்துப் பார்க்க ஒரு வழி உண்டு. அதுவே மாதிரிக் கணக்கு.

மாதிரிக் கணக்கு என்பது யாது?

குடும்பத் தலைவர் ஆண்டுத் தொடக்கத்தில் வரவு செலவைக் கணக்கிடுகிறார். “விளைச்சல் குறைந்தால் என்ன செய்வது? திருமணச் செலவு வந்தால் எதைக் குறைப்பது?” என்று எண்ணிப் பார்க்கிறார். நடவாத ஒன்றை நடந்ததாக வைத்துக்கொண்டு அதன் பலனைக் காண்பதே இதன் கருத்து. மழை, மண், சரிவு, பயிர், ஏரி, கிணறு ஆகியவற்றை எண்களாக எழுதி, “இதை இப்படி மாற்றினால் எது எவ்வளவு மாறும்?” என்று கேட்பது நீரின் மாதிரிக் கணக்காகும்.

முற்காலத்தில் இத்தகைய சோதனையை உருவ மாதிரிகளைக் கொண்டே செய்தனர். அணை, மதகு, கலிங்கு முதலியவற்றைச் சிறிய அளவிற் கட்டி, அவற்றில் நீரைப் பாய்ச்சிப் பார்க்கும் வேலைக்காக நம் மாநிலத்தில் 1944-ஆம் ஆண்டு பூண்டியில் ஆய்வு நிலையம் தொடங்கப்பெற்றது. அமெரிக்காவின் சான் பிரான்சிஸ்கோ வளைகுடாவைக் குறுக்கே தடுத்து நன்னீர் ஏரிகளாக்கலாம் என்று ஜான் ரீபர் என்பவர் ஒரு திட்டம் கூறினார். பலர் அதை வரவேற்றனர். இராணுவப் பொறியாளர்கள் 1957-ஆம் ஆண்டு அவ்வளைகுடாவின் மாதிரியைக் கட்டி முடித்து, ஒரு நாளின் கடல் ஏற்ற இறக்கத்தைக் கால் மணி நேரத்தில் அதில் நிகழ்த்திப் பார்த்தனர். திட்டம் சொன்னபடி பயன் தராது என்பது புலப்பட்டது; அது கைவிடப்பட்டது. மாதிரிக்கு ஆன செலவு, அத்திட்டம் விழுங்கியிருக்கக்கூடிய செலவில் ஒரு சிறு துளியே.

இக்காலத்தில் இவ்வேலையைக் கணிப்பொறி செய்கிறது. எனினும் அதன் உள்ளிருக்கும் கணக்கு, கூட்டலும் கழித்தலும் அறிந்த எவருக்கும் விளங்கக்கூடியதே.

பெய்த மழை வேறு, ஓடி வந்த நீர் வேறு

ஏரிக்கு எவ்வளவு நீர் வரும் என்பதே முதற் கேள்வி. பெய்த மழை முழுவதும் ஏரிக்கு வருவதில்லை. தொடக்க மழையை இலையும் உலர்ந்த மண்ணும் குழிகளும் உறிஞ்சிக்கொள்கின்றன. அவற்றின் தாகம் தீர்ந்த பின்னரே நீர் ஓடத் தொடங்குகிறது. இதனை மதிப்பிட, அமெரிக்க மண் பாதுகாப்புத் துறையினர் 1950-களின் நடுவில் ஒரு முறையை வகுத்தனர். மண்ணின் இனம், நிலத்தின் பயன்பாடு, பயிரின் நிலை ஆகியவற்றைப் பார்த்து நிலத்திற்கு ஓர் எண் அளிப்பர். அதற்கு வளைகோட்டு எண் என்று பெயர். பாறை, கட்டாந்தரை போன்றவற்றிற்கு அந்த எண் 100-ஐ நெருங்கும். நீரை நன்கு உறிஞ்சும் நிலத்திற்குக் குறையும். நம் நாட்டு மண்ணுக்கு ஏற்ப இம்முறை திருத்தப்பட்டு வழங்கி வருகிறது.

எண் 80 உள்ள நிலத்தை எடுத்துக்கொள்வோம். அம்முறையின் பொது வாய்பாட்டின்படி, ஒரு நாளில் 20 மி.மீ. மழை பெய்தால் முக்கால் மி.மீ. மட்டுமே ஓடும். 50 மி.மீ. பெய்தால் சுமார் 14 மி.மீ. ஓடும். 100 மி.மீ. பெய்தால் சுமார் 50 மி.மீ. ஓடும். மழை இரு மடங்கானால் ஓட்டம் மூன்றரை மடங்குக்கு மேலாகிறது. அதே 100 மி.மீ. மழை, இடைவெளி விட்டு ஐந்து நாட்களில் இருபது இருபதாகப் பெய்தால், மொத்த ஓட்டம் 4 மி.மீ. அளவுகூட இராது. “மழை நன்றாகத்தானே பெய்தது, ஏரி ஏன் நிறையவில்லை?” என்று நாம் வியக்கும் ஆண்டுகளுக்கு இதுவும் ஒரு விடை. மழையின் மொத்த அளவோடு அது பெய்த விதமும் ஏரியின் வரவைத் தீர்மானிக்கிறது.

ஓர் எடுத்துக்காட்டு

விளங்கிக்கொள்ளும் பொருட்டு ஒரு கற்பனை ஏரியை வைத்துக்கொள்வோம். அதன் நீர்ப்பிடிப்புப் பரப்பு 1,000 ஏக்கர். அது மேற்கிராமத்தில் உள்ளது. ஏரியும் ஆயக்கட்டும் கீழ்க்கிராமத்தில் உள்ளன. ஏரியின் கொள்ளளவு 3,00,000 கன மீட்டர். 1,000 ஏக்கரிலிருந்து ஒரு மி.மீ. நீர் ஓடி வந்தால் அது ஏறத்தாழ 4,000 கன மீட்டர். ஒரு கன மீட்டர் என்பது 1,000 லிட்டர்.

நடுத்தரமான ஆண்டில் 100 மி.மீ. மழை ஒரு முறையும், 50 மி.மீ. மழை இரு முறையும் பெய்கின்றன என்போம். ஏரிக்கு வருவது 2,00,000-மும் 1,12,000-மும் ஆக 3,12,000 கன மீட்டர். ஏரி நிறைகிறது, சிறிது கலிங்கில் வழிகிறது. ஆவியாகியும் கசிந்தும் 1,00,000 போய்விடுகிறது என்று கொண்டால், பாசனத்திற்கு 2,00,000 கன மீட்டர் மிஞ்சும். ஏக்கருக்கு 5,000 கன மீட்டர் வீதம் 40 ஏக்கர் நெல் விளையும்.

இப்போது மேற்கிராமத்தில் சம உயர வரப்புகளும் தடுப்பணைகளும் பண்ணைக் குட்டைகளும் அமைக்க விரும்புகின்றனர். நல்ல எண்ணமே. மண் அரிப்பு குறையும், ஏரியில் வண்டல் சேருவது குறையும், கிணறுகள் ஊறும். இவற்றால் நிலத்தின் எண் 80-லிருந்து 70-ஆக இறங்குகிறது என்று கணக்கிற் போடுவோம். 100 மி.மீ. மழைக்கு ஓட்டம் 50-லிருந்து 33 மி.மீ. ஆகிறது. 50 மி.மீ. மழைக்கோ 14-லிருந்து 6 மி.மீ. ஆகிறது. பெருமழையில் மூன்றில் ஒரு பங்கு குறைகிறது. சிறுமழையில் பாதிக்கு மேல் குறைகிறது. ஏரிக்கு வரும் மொத்த நீர் 1,80,000 கன மீட்டர். நீர்ப்பரப்பு சுருங்குவதால் இழப்பும் 80,000-ஆகக் குறைந்தால், மிஞ்சுவது 1,00,000. கீழ்க்கிராமத்தின் நெல் 40 ஏக்கரிலிருந்து 20 ஏக்கராகிறது.

மழை மிகுந்த ஆண்டில் நிலைமை வேறு. 100 மி.மீ. மழை மூன்று முறை பெய்தால், வேலைகளுக்கு முன்னும் பின்னும் ஏரி நிறைந்தே விடும். கலிங்கில் வழிவது மட்டும் 3,00,000-லிருந்து ஏறத்தாழ 1,00,000-ஆகக் குறையும். அந்த நீர் மூன்றாவது ஊர் ஏரிக்குரியது என்பதை இங்கு மறத்தலாகாது.

மழை குறைந்த ஆண்டில் 50 மி.மீ. மழை மூன்று முறை மட்டுமே என்று கொள்வோம். ஏரிக்கு முன்பு வந்தது 1,68,000; வேலைகளுக்குப் பின் வருவது 72,000. இழப்புகளைக் கழித்தால் முன்பு சுமார் 17 ஏக்கர் விளைந்த இடத்தில் பின்பு 4 ஏக்கரே விளையும். ஆக, மேலே செய்த வேலையின் சுமை, வறண்ட ஆண்டிலேதான் கீழே மிகுதியாக விழுகிறது. மூன்று விதமான ஆண்டுகளையும் போட்டுப் பார்க்காமல் சராசரியை மட்டும் பார்த்திருந்தால் இவ்வுண்மை மறைந்தே இருந்திருக்கும்.

மேலே நின்ற நீர் எங்கே போயிற்று?

கணக்கை இத்துடன் நிறுத்தினால் அது ஒருதலையான தீர்ப்பாகும். நடுத்தர ஆண்டில் ஏரிக்கு வராத 1,32,000 கன மீட்டர் நீர் மேற்கிராமத்து மண்ணிலேயே தங்கியது. அதிற் பாதி பயிராலும் வெயிலாலும் செலவாகி, மறுபாதி நிலத்தடியை அடைந்ததாகக் கொள்வோம். அது 66,000 கன மீட்டர். தமிழ்நாட்டின் பரப்பில் ஏறத்தாழ முக்கால் பங்கு கடினப் பாறை. பாறை இடுக்குகளில் நீர் தங்கும் இடம் நூற்றுக்கு இரண்டு பங்கு என்று வைத்துக்கொண்டால், இந்நீர் கிணற்று மட்டத்தைச் சுமார் 80 செ.மீ. உயர்த்தும். இது கண்ணுக்குத் தெரியும் நன்மை. ஆயினும் விரைவில் உயர்ந்த மட்டம் இறைக்கத் தொடங்கினால் விரைவிலேயே இறங்கும்.

அந்த 66,000 கன மீட்டரைக் கொண்டு மேற்கிராமத்தார் ஏக்கருக்கு 2,000 கன மீட்டர் கேட்கும் புன்செய்ப் பயிர் செய்தால் 33 ஏக்கர் விளையும். நெல் நட்டாலோ 13 ஏக்கரே விளையும். கீழே இழந்தது 20 ஏக்கர் நெல். மேலே பெற்றது 13 ஏக்கர் நெல். இருவரும் பொதுப் பணத்தைச் செலவிட்டு ஒட்டுமொத்தத்தில் 7 ஏக்கரை இழந்தவர்களாவர். மாறாக, மேற்கிராமத்தார் புன்செய்ப் பயிரோடு நின்று, கீழ்க்கிராமத்தாரும் மிஞ்சிய 1,00,000 கன மீட்டரைக் கொண்டு புன்செய்ப் பயிர் செய்தால், மேலே 33, கீழே 50 ஆக 83 ஏக்கர் பசுமையுறும். வேலை ஒன்றே, மழையும் ஒன்றே. லாபமா நஷ்டமா என்பதைத் தீர்மானிப்பது தடுப்பணைக்குப் பின் நடப்படும் பயிர்.

பாதி வேலை மட்டும் செய்து எண்ணை 75-ல் நிறுத்தினால் என்ன என்றும் கேட்கலாம். அவ்வாறாயின் நடுத்தர ஆண்டில் கீழே சுமார் 30 ஏக்கர் நெல்லும் மேலே சுமார் 18 ஏக்கர் புன்செய்ப் பயிரும் விளையும் என்று கணக்கு விடை தருகிறது. ஏரியை ஆழப்படுத்திக் கொள்ளளவை 4,00,000 ஆக்கினால் என்ன? நடுத்தர ஆண்டின் வரவு 1,80,000-ஆக இருக்கும்போது, கூடுதல் ஆழம் வெறும் குழியாகவே நிற்கும். அப்பணத்தை அடைபட்டுக் கிடக்கும் வரத்துக்கால்களைச் செப்பனிடச் செலவிடுவது மேல். இக்கேள்விகளுக்கெல்லாம் ஒரு கூடை மண்ணும் வெட்டாமலே விடை கிடைக்கிறது.

இக்கணக்கில் மற்றொரு செலவுப் பத்தியும் வேண்டும். கோடையில் கால்நடை குடிக்கவும், மீன் உயிர்தரிக்கவும், பறவைகள் தங்கவும் ஏரியில் அடிமட்ட நீர் நிற்க வேண்டும். அதைப் பயிருக்கு முன்பே ஒதுக்கி வைப்பது முறை. மீதியில் தேடினால் அது கிடைப்பதில்லை.

பிற இடங்களின் அனுபவம்

மேலே கூறியது வெறும் ஏட்டுக் கவலையன்று. ராஜஸ்தானத்தில் ஆர்வரி ஆற்றுப் படுகையில் 1980-கள் முதல் மக்கள் முயற்சியால் ஜோகத் எனப்படும் மண் தடுப்பணைகள் பல கட்டப்பட்டன. வற்றிய கிணறுகள் ஊறின. பின்னர் ஆய்வாளர் அப்படுகைக்கு மாதிரிக் கணக்கு அமைத்துப் பார்த்தனர். தடுப்பணைகளால் நிலத்தடி நீர் பெருகுவதும், ஆற்றின் ஓட்டம் குறைவதும், எண்ணிக்கை ஏற ஏற ஒவ்வொரு புதிய அணையின் கூடுதற் பயன் சுருங்குவதும் அதிற் புலனாயின. அணைகள் வேண்டா என்பது இதன் பொருளன்று. எத்தனை போதும் என்று கேட்க வேண்டும் என்பதே பொருள்.

ஒன்றுபட்டிருந்த ஆந்திரப் பிரதேசத்தில், அனந்தபூர், சித்தூர், கடப்பை, கர்நூல், பிரகாசம், நல்கொண்டா, மகபூப்நகர் ஆகிய ஏழு வறட்சி மாவட்டங்களில், 2003 முதல் 2009 வரை நிலத்தடி நீர் நிர்வாகத் திட்டம் ஒன்று நடைபெற்றது. அங்கு விவசாயிகளே மழையை அளந்தனர். கிணற்று மட்டத்தை அளந்தனர். பருவமழை முடிந்ததும் ஊரார் ஒன்றுகூடி, கையிருக்கும் நீர் எவ்வளவு, நினைத்திருக்கும் பயிர்கள் கேட்பது எவ்வளவு என்று எழுதிப் பார்த்தனர். எவரும் சட்டத்தால் தடுக்கப்படவில்லை. கணக்கைக் கண்ட பின், நெல்லைக் குறைத்து நீர் குறைவாகக் கேட்கும் பயிர்களுக்கு மாறியவர் பலர். பிறர் சொல்லும் அறிவுரையைவிடத் தாமே அளந்து எழுதிய எண்ணுக்கு மதிப்பு அதிகம்.

மாதிரிக் கணக்கின் எல்லை

மாதிரிக் கணக்கு சோதிடமன்று. வருகின்ற ஐப்பசியில் எவ்வளவு மழை பெய்யும் என்பதை அது கூறாது. இவ்வளவு பெய்தால் இவ்வளவு வரும் என்று மட்டுமே கூறும். கொடுத்த எண் தவறாயின் விடையும் தவறாகும்; கணிப்பொறியிலிருந்து வந்தது என்பதனால் தவறு சரியாகிவிடாது. எனவே, பொறியாளரோ வேளாண்மை உத்தியோகஸ்தரோ ஒரு மாதிரிக் கணக்கைக் கூட்டத்தில் வைக்கும்போது, பஞ்சாயத்து உறுப்பினர் கீழ்க்கண்டவற்றைத் தயங்காமற் கேட்க வேண்டும்.

1. இதில் உள்ள மழை அளவு எங்கே அளக்கப்பட்டது? நம் ஊரிலா, தொலைவிலுள்ள நிலையத்திலா?

2. கடந்த ஆண்டுகளின் மழையைப் போட்டுப் பார்த்தபோது, ஏரி உண்மையில் நிறைந்த ஆண்டிலும் நிறையாத ஆண்டிலும் கணக்கு ஒத்து வந்ததா?

3. நல்ல ஆண்டு, நடுத்தர ஆண்டு, வறண்ட ஆண்டு மூன்றுக்கும் விடை காணப்பட்டதா?

4. மேல் ஊர், கீழ் ஊர் இரண்டின் வரவு செலவும் இதில் அடங்கியுள்ளனவா?

5. கணக்கிற் சேராமல் விடப்பட்டது எது?

இவற்றுள் இரண்டாவது கேள்வி முதன்மையானது. நடந்து முடிந்ததையே சரியாகக் கூற இயலாத கணக்கு, நடக்கவிருப்பதைக் கூறும் தகுதி பெறாது.

பஞ்சாயத்து செய்யத்தக்கது

நல்ல மாதிரிக் கணக்கிற்கு வேண்டிய பொருள் ஊரிலேயே உள்ளது. மழைமானி ஒன்றை மரநிழலும் கூரைநிழலும் படாத வெளியில் நிறுத்தி, நாள்தோறும் காலை 8.30 மணிக்கு அளந்து எழுதலாம். மழைமானி இல்லாத இடத்தில், வாயும் அடியும் ஒரே அகலமாயுள்ள நேரான பாத்திரத்தில் அளவுகோலை நிறுத்திப் பார்த்தாலும் தொடக்கத்திற்குப் போதும். ஏரி மதகின் அருகே அளவுகோல் குறித்து, வாரந்தோறும் நீர்மட்டத்தைப் பதிவு செய்யலாம். கலிங்கு வழிந்த நாளையும் நின்ற நாளையும் தவறாமற் குறிக்க வேண்டும். மேட்டிலும் பள்ளத்திலுமாகச் சில கிணறுகளைத் தேர்ந்து மாதம் ஒரு முறை அளக்கலாம். எந்தப் பயிர் எத்தனை ஏக்கர் என்ற பட்டியலும் வேண்டும். பள்ளிப் பிள்ளைகளும் நீர்க்கட்டிகளும் மகளிர் குழுவினரும் பங்குகொண்டால் இவ்வேலை ஒருவருக்கும் சுமையாகாது.

சில ஆண்டுகளின் பதிவு இருப்பின், பொறியாளரிடம் வெறுங்கையுடன் செல்ல வேண்டியதில்லை. “எங்கள் ஏரியின் கணக்கு இது, உங்கள் திட்டத்தை இதில் வைத்துக் காட்டுங்கள்” என்று கேட்கும் உரிமை பஞ்சாயத்துக்கு வந்துவிடும். 2022-ஆம் ஆண்டு முதல், உலகத் தண்ணீர் நாளாகிய மார்ச்சு 22-லும் தமிழ்நாட்டில் கிராம சபை கூட்டுவதென ஏற்பாடாகியுள்ளது. அன்று முந்தைய ஆண்டின் நீர் வரவு செலவை ஊரார் முன் படிப்பது அந்நாளுக்குத் தகுந்த செயலாகும். ஒரே ஓடையைப் பகிர்ந்துகொள்ளும் பஞ்சாயத்துகள், புதிய வேலைக்குத் தீர்மானம் நிறைவேற்றுமுன் ஒரு முறையேனும் சேர்ந்து அமர்ந்து பொதுக் கணக்கைப் பார்ப்பது அதனினும் சிறந்தது.

மேல் ஊருக்கும் கீழ் ஊருக்கும் நீரால் எழும் வழக்குகள் பல, இருதரப்பும் வேறு வேறு எண்களை மனத்தில் வைத்துக்கொண்டு பேசுவதாலேயே முற்றுகின்றன. எண்கள் ஒன்றாயின் வாதம் தணியும். விட்டுக்கொடுப்பதற்கும் ஓர் அளவு தெரியும். கணக்கு தானாக நீதி வழங்காது. யாருக்கு எவ்வளவு, எந்தப் பயிருக்கு முதலிடம் என்பதை ஊர் மக்களே முடிவு செய்ய வேண்டும். ஆயினும் யாருடைய வயல் எவ்வளவு காயும் என்பதை அறிந்து செய்யும் முடிவு ஒன்று. அறியாமற் செய்யும் முடிவு மற்றொன்று. ஆழம் அறியாமற் காலை விடலாகாது என்பது முன்னோர் வழக்கு. நீரின் ஆழத்தை எண்ணால் அறிந்து, பின்னர் மண்வெட்டியைக் கையிலெடுப்போமாக.